ரெண்டு மணிச் சங்கும் கணக்குப் பாடமும்

வடக்கு காலனி,
நெய்வேலி.
23-6-68, ஞாயித்துக்கெழம.

அன்புள்ள மவன் கலியனுக்கு அம்மா விருத்தாம்பாள் எழுதிக்கிறது. நானும் உங்கப்பாவும் தங்கச்சி கனகமும் இங்க கைகால் சொகத்தோட இருக்கோம். நீ பிலாய் உருக்காலையில அந்த நெருப்புக்குப் பக்கத்துல நின்னு வேலை செய்யிறவன், வேளைக்கு வயிறு நெறயத் தின்னுகினு ஒடம்புக்கு ஒண்ணும் வராம இருக்கணும்னு தெனம் வெளக்கேத்தும்போது வேண்டிக்கிறேன். உன் லெட்டர் போன வாரம் வந்துச்சி. பர்மனென்ட் பண்றதுக்கு டெஸ்டு வைக்கிறாங்க, அதுல கணக்கு கேப்பாங்களாம், எனக்குத்தான் கணக்கு மண்டையில ஏறாதே, அதனால பேரு குடுக்கலன்னு எழுதியிருந்தே. அதுக்குப் பதிலு கடைசில எழுதுறேன். நீ தாண்டிப் போயி அதை மட்டும் படிக்காதே, வரிசையாப் படி, ஏன்னா இந்த லெட்டர் முழுக்க அதுக்குத்தான் பதிலு. மொதல்ல இதைக் கேளு. நம்ப கனகம் பாஸ்! டவுன்ஷிப் ஐஸ்கூல்ல ஆறாங்கிளாஸ் சேக்கறதுக்கு வச்ச பரிச்சையில தேறிட்டா! நோட்டீஸ் போர்டுல ஆறாவது பேரு, ஆர். கனகம், வடக்கு காலனி, கணக்குல நூத்துக்கு எழுவத்திநாலு. கணக்குலடா கலியா! நேத்துப் பாத்துட்டு வந்ததுலேருந்து என் காலு தரையில நிக்கல, அரிசியை ஒலையில போட்டுட்டு அடுப்பு மூட்ட மறந்துட்டேன், உங்கப்பா வந்து பாத்துட்டு சிரிக்கிறாரு. நம்ப காலனி பிள்ளைங்க அஞ்சு பேரு எழுதி மூணு பேரு தேறியிருக்கு. இந்தப் பள்ளிக்கூடம் வந்து இத்தினி வருஷத்துல இதுதான் மொத தடவ. இதுக்குப் பின்னால ஒரு வருஷத்துக் கதை இருக்கு. ஜெயிச்சா எழுதுவோம், தோத்தா அவனுக்கு எதுக்கு அந்த வேதனைன்னு உனக்கு ஒரு வார்த்தையும் எழுதாம அடக்கிக்கினு இருந்தேன், என் வாயைப் பத்தி உனக்குத் தெரியும், எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும் பாத்துக்கோ.

போன ஆடி மாசம் ஆரம்பிச்சிச்சி. நான் குவார்ட்டர்ஸ் பக்கம் கீரையும் முருங்கைக்காயும் கொண்டு போறேன் இல்ல, அங்க பேச்சியம்மாள்னு ஒரு அம்மா, திருநெவேலிப் பக்கம், அவங்க வூட்டுக்காரரு மைன்ஸ் ஆபீஸ்ல தபாலு அனுப்புற கிளார்க்கு. அன்னிக்கு லீவுன்னு கனகமும் கூடையைப் பிடிச்சிகினு வந்தா. அந்த அம்மா பொண்ணு சந்திரகலா உக்காந்து வூட்டுக்கணக்குப் போட்டுக்கினு இருந்துச்சி, கனகம் வயசுதான். நீயும் ஒண்ணு போடு பாப்போம்னு சிலேட்டை இவகிட்ட நீட்டுச்சி. எண்ணூத்தி அறுவத்திநாலைப் பன்னெண்டால வகுக்கணும். இவ பன்னெண்டாம் வாய்ப்பாட்டைக் கடகடன்னு ஒப்பிக்கிறா, மேல கீழ ரெண்டு பக்கமும் ஒப்பிக்கிறா, ஆனா அந்த வகுத்தல் கோட்டைப் பாத்து இது என்னான்னு கேக்குறா. எனக்கு மானம் போயிடுச்சி. அங்கயே தலையில ஒண்ணு போட்டேன். பேச்சியம்மாள் என் கையைப் பிடிச்சிட்டாங்க. புள்ளைய ஏன் அடிக்கீய, இவளுக்கு மூளை நல்லாத்தான் வேலை செய்யுது, யாரும் சொல்லிக்கொடுக்கலன்னா அது என்ன செய்யும்னு கேட்டுட்டு, உங்க பள்ளிக்கூடத்துல கணக்கு எப்ப வரும் தாயின்னு கனகத்தை விசாரிச்சாங்க. இவ கையைக் கட்டிக்கினு சொல்றா, காலைல தமிழு, அப்புறம் பூகோளம், அப்புறம் கதை, சோத்து மணி, அப்புறம் கையெழுத்து, கடைசி ரெண்டு பீரியடு கணக்கு, ஆனா அதுக்குள்ள ரெண்டு மணிச் சங்கு ஊதிடும், வூட்டுக்கு வந்துடுவோம்னு.

கலியா, அந்த எடத்துல எனக்குத் தலை சுத்துச்சி. எத்தினி வருஷமா பிள்ளைங்க சங்கு ஊதினதும் பையைத் தூக்கிக்கினு வருது, நானும் சோறு போட்டுகினு இருக்கேன். காலைல ஆறு மணிக்குப் போன ஏ ஷிப்டு ரெண்டு மணிக்கு முடியுது, ஆம்பளைங்க வராங்க, பிள்ளைங்களும் வராங்க, பள்ளிக்கூடமும் ஒரு ஷிப்டுன்னு நெனச்சிக்கினு இருந்துட்டோம்! அது நாலரை மணி வரைக்கும் நடக்கணும்னு நம்ப காலனில ஒருத்தருக்கும் தெரியாது. கழனி வேலைக்குப் போன சனங்க நம்ப, நம்பள்ல யாரு பள்ளிக்கூடத்துல சாயந்திரம் வரைக்கும் உக்காந்தோம், நான் மூணாவதோட நின்னவ. மைன்ஸ் வந்து ஊரைக் காலி பண்ணிக் காலனில கொண்டு வந்து விட்டதுலேருந்து எந்திரிக்கிறதும் தின்னுறதும் படுக்கறதும் அந்தச் சங்கை வச்சித்தானே. இன்னொண்ணு கேளு, இதைவிடக் கொடுமை. ஏ ஷிப்டு பஸ்ஸு நம்ப ஆளுங்களக் காலனி முக்குல எறக்கிட்டுப் பண்ருட்டி போவுதில்ல, அதே பஸ்லதான் பெரியண்ணன் வாத்தியாரு ஏறிக் காடாம்புலியூரு போறாரு. இவங்க எறங்குற படியில அவரு ஏறுவாரு. வணக்கம் வாத்தியாரேன்னு சொல்லிக்கினே உங்கப்பாவும் எறங்கியிருக்காரு. இந்நேரத்துக்கு வாத்தியாருக்குப் பஸ்ல என்னா வேலைன்னு ஒரு ஆம்பளைக்குத் தோணல, சொன்னா அவங்களுக்குத்தான் கோவம் வருது.

நேரா வாத்தியார்கிட்டயே போனேன், மறைஞ்சி நின்னு பேசுற பழக்கம் எனக்குக் கெடையாது. மரியாதையாத்தான் கேட்டேன், நெசமா, நீ சிரிக்காதே. அவரும் மறைக்கல. அந்தப் பஸ்ஸை விட்டா அடுத்தது ராத்திரி ஏழு மணிக்குத்தாம்மா, வூட்ல சம்சாரம் படுத்த படுக்கை, சின்னதுங்க ரெண்டு, அடுப்பு நான்தான் மூட்டணும்னாரு. கூட்டல் கழித்தல் வாய்ப்பாடெல்லாம் காலைலயே எல்லாரையும் சேத்து உக்கார வச்சிச் சொல்லிடறேன், வகுத்தலும் அதுக்கு மேல இருக்கற கணக்குந்தான் தள்ளிப் போயிடுதுன்னாரு. அப்புறம் தலையைக் குனிஞ்சிக்கினு ஒண்ணு சொன்னாரு, மொத வருஷம் யாராவது வந்து கேப்பாங்கன்னு பயந்துகினே பஸ்ல ஏறுவேன், எட்டு வருஷமா ஒருத்தரும் கேக்கலம்மான்னு. எனக்கு அவரு மேல வந்த கோவம் பாதி என் மேலயே திரும்பிடுச்சி. ஆனாலும் கோவம் கோவந்தான். வூட்டுக்கு வந்து அவரு வண்டவாளத்தை எழுதி ஏத்தாம வுடறதில்லன்னு சொல்லிட்டேன்.

எங்க எழுதுறது? நமக்குத் தெரிஞ்ச எடம் ஒண்ணுதான். தண்ணி அவங்களுது, லைட்டு அவங்களுது, ஆஸ்பத்திரி, ரோடு, சங்கு, எல்லாம் மைன்ஸ் நடத்துற கார்ப்பரேஷனுது, அப்ப பள்ளிக்கூடமும் அவங்களுதுதானேன்னு பொம்பளைங்க பதினோரு பேரு கெளம்பி டவுன்ஷிப் ஆபீசுக்குப் போனோம். சாமியம்மாள் மட்டும் வரல. அதான் நம்ப அடுத்த வூட்டு சாமியம்மாள், அவ மவனும் அஞ்சாங்கிளாஸ்தான். வாத்தியாரைப் பகைச்சிக்கினா பிள்ளைய முட்டிக்கால் போட வைப்பாரு, நான் வரலன்னு கதவைச் சாத்திக்கினா. அங்க ஒரு கிளார்க்கு நல்ல மனுஷன், உக்கார வச்சித் தண்ணி குடுத்து எல்லாத்தையும் கேட்டுட்டு, அம்மா உங்க பள்ளிக்கூடம் வேலிக்கு அந்தாண்ட இருக்கு, அது சர்க்கார் பள்ளிக்கூடம், பஞ்சாயத்து யூனியன் நடத்துது, எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னாரு. வெயில்ல நாலு மைலு நடந்து போனதுக்கு இதான் பலன்.

சரி யூனியன் ஆபீசுக்கு ஒரு மனு எழுதுவோம்னு உக்காந்தோம். அங்கதான் நான் பெரிய தப்புப் பண்ணேன். மனு எழுதுறாங்கன்னு தெரிஞ்சதும் ஆளாளுக்கு ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சாங்க, பள்ளிக்கூடத்தோட கெணத்தையும் எழுது, கெணத்தோட தெரு வெளக்கை எழுது, சுடுகாட்டுப் பாதையை எழுது, மொத்தம் பதினாறு கொறை. பள்ளிக்கூடம் பதிமூணாவது. நடுநடுல நான் வாத்தியாரையும் நாலு வாங்கு வாங்கியிருந்தேன். ஒரு மாசம் கழிச்சி ஒரு ஆளு வந்தாரு, கையில டேப்பு. எல்லாரும் ஓடினோம். அவரு பள்ளிக்கூடப் பக்கமே திரும்பல, நேரா போயிக் கெணத்தை அளந்துட்டு எழுதிக்கினு போயிட்டாரு! மனுவுல மொத கொறை கெணறு, அதனால அது கெணத்து செக்‌ஷனுக்குப் போயிடுச்சாம். உங்கப்பா மூணு நாளு என்னைப் பாக்கும்போதெல்லாம் சிரிச்சாரு. ஒண்ணு சொல்லணும், கெணத்துக்கு உறை எறக்கிட்டாங்க, தண்ணி இப்ப பளிங்கு மாதிரி இருக்கு. ஆனா நான் கேட்டது தண்ணியா?

அடுத்து பள்ளிக்கூடத்தை மட்டும் எழுதி நானே கொண்டு போயிக் குடுத்தேன். இருவது நாளு கழிச்சிப் போயிக் கேட்டா, அப்படி ஒரு மனு வரவே இல்லன்னு சொல்றான் அந்த ஆளு, என் கண்ணைப் பாத்துச் சொல்றான்! எனக்கு வந்த ஆத்திரத்துல மேசையில தட்டிட்டேன். அழுதுகினே பேச்சியம்மாள் வூட்டுக்குப் போனேன். அந்த அம்மா என்னை உக்கார வச்சிக் காப்பி குடுத்து, தபாலு கிளார்க்கு பொண்டாட்டிகிட்ட மொதல்லயே கேட்டிருக்கக் கூடாதான்னு சிரிச்சாங்க. கையில குடுத்த காகிதத்துக்குச் சாட்சி கெடையாதாம். ரிஜிஸ்டர் தபால்ல போடணும், வாங்கினவங்க கையெழுத்து போட்டுத் திரும்பி வர அட்டையும் சேத்து அனுப்பணும், எழுதினதுக்கு ஒரு நகல் நாமளே வச்சிக்கணும், பேரு போடாம மொட்டைக் கடுதாசி போட்டா குப்பைக்குத்தான் போவும், அதனால பேரும் வூட்டு நம்பரும் போட்டு எல்லாரும் கையெழுத்து போடணும், ஒரு மனுவுல ஒரு கொறைதான் இருக்கணும்னு ஒவ்வொண்ணா சொன்னாங்க. வாத்தியாருக்கு மேல பள்ளிக்கூடங்களப் பாக்கற டிப்டி இன்ஸ்பெக்டர் இருக்காரு, அவருக்கு மேல கடலூருல ஜில்லா கல்வி அதிகாரி, அவருக்கும் மேல பட்டணத்துல டைரக்டரு, ஒரு படி ஏறிட்டுப் பதிலுக்கு ஒரு மாசம் காத்திருந்து அடுத்த படி ஏறணும், எடுத்ததும் உச்சிக்குப் போனா அவங்க கீழதான் திருப்பி அனுப்புவாங்கன்னாங்க. இதெல்லாம் உனக்கும் உதவும் கலியா, அங்க கான்ட்ராக்ட்காரன் ஏதாவது பண்ணா நீயும் வாயால சண்டை போடாதே, எழுது.

எழுதுறதுலயும் உங்கப்பா ஒரு வழி சொன்னாரு, அதுதான் இந்தக் கதைக்கே உயிரு. மைன்ஸ்ல ஒவ்வொரு ஷிப்டுலயும் ஒரு லாக் புக் இருக்காம். கரி ஏத்திக்கினு வர பெல்ட்டு நின்னா, எந்த பெல்ட்டு, எத்தினி மணிக்கு நின்னுச்சி, எத்தினி மணிக்கு மறுபடி ஓடுச்சின்னு எழுதிக் கையெழுத்து போட்டு அடுத்த ஷிப்டுகிட்ட குடுத்துடணும். எழுதாத ரிப்பேரு ரிப்பேரே இல்லன்னுவாங்களாம். அதுல யாரு குத்தம்னு மட்டும் எழுதக் கூடாது, எழுதினா ரெண்டு பேரு சண்டை போட்டுக்கினு இருப்பாங்க, பெல்ட்டு நின்ன எடத்துலயே நிக்கும்னாரு. எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கல, நான் வாத்தியாரைத் திட்டி ரெண்டு பக்கம் மனசுல எழுதியே வச்சிருந்தேன். அந்த மனுஷன் ஒத்துக்கல. ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டாரு. தேதி, பள்ளிக்கூடம் நின்ன நேரம், நின்னுபோன பாடம், மறுபடி ஆரம்பிச்ச நேரம், பாத்தவங்க கையெழுத்து. ஏ ஷிப்டுக்குப் போனவங்க எறங்கி வரப்ப பள்ளிக்கூடத்தைப் பாத்துட்டு எழுதுவாங்க, வூட்ல படுத்துக் கெடக்கிற நைட் ஷிப்டு காரங்க நாலரை வரைக்கும் பாத்து எழுதுவாங்க, பி ஷிப்டு காரங்க மறுநாளு காலைல ஆரம்பிச்ச நேரத்தை எழுதுவாங்க. நல்லா ஓடுற மிஷினு மாதிரி ஒரு மாசம் ஓடுச்சி அந்த நோட்டு. பள்ளிக்கூடம் நடந்த இருவத்திநாலு நாளுல இருவத்திமூணு நாளு கணக்கு நின்னுருக்கு. மீதி ஒரு நாளு பஸ்ஸு ரிப்பேரு, அன்னிக்கு நாலு மணி வரைக்கும் கணக்கு நடந்துச்சி, அதையும் மறைக்காம எழுதினோம்.

கார்த்திகை மாசம் டிப்டி இன்ஸ்பெக்டருக்கு ரிஜிஸ்டர் பண்ணோம். இன்ஸ்பெக்டருக்கு மனுன்னதும் சாமியம்மாள் போலீசுன்னு நெனச்சி ரெண்டு நாளு வெளியில வரல. எட்டாம் நாளு அட்டை கையெழுத்தோட திரும்பி வந்துச்சி பாரு, அதைக் கையில வச்சிக்கினு காலனி பூரா காட்டிட்டு வந்தேன். அப்புறம் ஒரு மாசம் சத்தமே இல்ல. அஞ்சு பிள்ளைங்க அஞ்சாங்கிளாஸ்ல இருக்கு, ஆனி மாசம் பரிச்சை, ஒவ்வொரு நாளும் சங்கு ஊதறப்ப இன்னும் எத்தினி நாளுன்னு வெரலை மடிச்சி எண்ணுவேன். மார்கழில கடலூருக்கு எழுதினோம், இன்ன தேதி இன்னாருக்கு எழுதினோம், இன்ன தேதி அவரு வாங்கின அட்டை எங்க கையில இருக்கு, பதிலு இல்ல, நோட்டு நகல் இதுல வச்சிருக்கோம், அவ்வளவுதான், ஒரு திட்டு கெடையாது, ஒரு ஒப்பாரி கெடையாது.

பொங்கல் முடிஞ்சி ரெண்டாவது வாரம் செவ்வாக்கெழம, நான் தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு இருக்கேன், கனகம் ஓடியாறா, யாரோ ஜீப்புல வந்து பூட்டுன பள்ளிக்கூடத்தைப் பாத்துக்கினு நிக்கிறாருன்னு. மணி ரெண்டே முக்கால். ஈரத் தலையோட ஓடினேன். கண்ணாடி போட்ட வயசானவரு, கையில நம்ப மனு! டிப்டி இன்ஸ்பெக்டரே வந்துட்டாரு, கடலூருலேருந்து போயி விசாரிச்சி எழுதுன்னு உத்தரவாம். இந்த மனுவை எழுதினது யாருன்னு கேட்டாரு. நம்ப சனங்கதான் உனக்குத் தெரியுமே, கையெழுத்து போட்ட முப்பத்தியொரு பேருல அங்க இருந்த அத்தினி பேரும் ஆளுக்கொரு அடி பின்னால போறாங்க. நான் வாயைத் தொறக்கறதுக்கு முன்னால, யாரு முன்னால வந்தான்னு நெனைக்கிற? சாமியம்மாள்! நாங்க எல்லாருந்தாங்க எழுதினோம், என் மவனுக்கு வகுக்கத் தெரியலைங்கன்னு சொல்லிட்டு ஓன்னு அழுதுட்டா. அப்புறம் என்னா, எல்லாரும் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சிட்டாங்க. அவரு சிரிச்சிட்டு, நான் இருவது வருஷமா மனு பாக்கறேன், வாத்தியாரைத் திட்டாத மனுவை இப்பத்தான் மொத தடவ பாக்கறேன், அதான் நேர்ல வந்தேன்னாரு. உங்கப்பா அன்னிக்கு பி ஷிப்டு, இதைக் கேக்கக் குடுத்து வைக்கல, அவரு திரும்பி வந்ததும் நான் சொன்னேன், மனுஷன் காதுல விழாத மாதிரி இன்னொரு தடவ சொல்லச் சொன்னாரு.

அப்புறம் அவரு என்னைத் தனியா கூப்பிட்டுக் கேட்டாரு, வாத்தியாருக்கு மெமோ போடறேன், மாத்தலும் போடட்டுமான்னு. கலியா, ஆடி மாசமா இதுக்குத்தானே காத்துக்கினு இருந்தேன், ஆமாங்க போடுங்கன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சி. அதுக்குள்ள உங்கப்பா சொன்னது நெனப்பு வந்துச்சி. இவரு போனா அடுத்தவரு எப்ப வருவாருங்கன்னு கேட்டேன். ஒத்தை வாத்தியாரு பள்ளிக்கூடம், ஆறு மாசமும் ஆவலாம், ஒரு வருஷமும் ஆவலாம்னாரு. அப்ப பரிச்சை போச்சி. புது ஆளு வந்தாலும் அதே பஸ்ஸு அதே சங்குதானே. வாத்தியாரை மாத்த வேணாங்க, கணக்கைக் காலைல மொத பீரியடுக்கு மாத்துங்க, பள்ளிக்கூடத்தை நாலரை வரைக்கும் வைங்க, அவரு வூட்டுக்குப் போறதுக்கு நாங்க வழி பண்றோம்னு சொல்லிட்டேன். சொல்லிட்டேனே தவிர என்னா வழின்னு எனக்கே தெரியாது! வூட்டுக்கு வந்து யோசிச்சிக்கினு படுத்தேன், எந்திரிக்கறப்ப தெரிஞ்சிடுச்சி. சாயந்திரம் ஜெனரல் ஷிப்டு பஸ்ஸு ஒண்ணு ஆபீஸ்காரங்கள ஏத்திக்கினு பண்ருட்டி போவுதே, ரெண்டு மணி பஸ்ஸு மாதிரி இல்ல, அதுல பாஸ் இல்லாத வெளியாளை ஏத்த மாட்டாங்க. பள்ளிக்கூடம் கார்ப்பரேஷனுது இல்ல, சரி. பஸ்ஸு அவங்களுதுதானே! அதே டவுன்ஷிப் ஆபீசுக்கு, அதே பதினோரு பேரு, இந்தத் தடவ சாமியம்மாளையும் சேத்துப் பன்னெண்டு பேரு கையெழுத்து போட்டு, ஒரே ஒரு கொறை, ஒரே பக்கம், டிப்டி இன்ஸ்பெக்டரு உத்தரவு நகலோட அனுப்பினோம். தண்ணி குடுத்த அந்த கிளார்க்கு பன்னெண்டாம் நாளு பாஸ் கொண்டாந்து காலனிலயே குடுத்துட்டுப் போனாரு. வாத்தியாரு இப்ப அஞ்சு மணி பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து போறாரு. அது வரைக்கும் அவரு சம்சாரத்தையும் சின்னதுங்களையும் பாத்துக்க அங்க ஒரு அம்மா வருதாம்.

தை கடைசிலேருந்து காலைல பள்ளிக்கூட வாசல்ல போனா கணக்குச் சத்தந்தான். வகுத்தல், பின்னம், தசமம், என்னென்னமோ சொல்லிக்கினு கனகம் வூடு பூரா கரியால கோடு போட்டு வச்சிருக்கா, செவுத்தைப் பாத்தா உங்கப்பாவுக்குக் கோவம், எனக்குப் பெருமை. நாலு மாசத்துல மூணு வருஷப் பாடத்தை அந்த மனுஷன் நடத்தினாரு, லீவு நாளுலயும் வந்தாரு, அதையும் சொல்லணும். பரிச்சை அன்னிக்கு மஞ்சப் பாவாடை கட்டிக்கினு போனா, திரும்பி வந்து எல்லாத்தையும் போட்டேன், ஒண்ணு மட்டும் சந்தேகம்னா. நேத்து பேரு வந்துடுச்சி. சாமியம்மாள் மவன் பேரும் வந்துடுச்சி, அவ தெருவுல நின்னுகினு எல்லாருக்கும் பலாச்சுளை குடுத்தா.

இப்ப உனக்கு எழுத வேண்டிய பதிலுக்கு வரேன். நேத்து சாயந்திரம் பெரியண்ணன் வாத்தியாரு அஞ்சு மணி பஸ்ஸை விட்டுட்டு நம்ப வூட்டுக்கு வந்தாரு. உக்காருங்கன்னா உக்காரல. உங்க பெரியவன் இப்ப எங்க இருக்கான்னு கேட்டாரு. பிலாயிலன்னேன். அவன் மொத வரிசையில உக்காருவான், பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தலைகீழா சொன்ன ஒரே பையன் அவன்தான், அவனுக்கு நான் வகுத்தல் சொல்லிக்குடுக்கவே இல்லம்மான்னாரு. சொல்லிட்டுக் கண்ணைத் தொடச்சிக்கினு ஏழு மணி பஸ்ஸுக்குப் போயிட்டாரு. எனக்கு அடுப்பாண்ட உக்காந்து அழுகையா வந்துச்சி. நீ இதே பரிச்சையில தேறலன்னு வந்த அன்னிக்கு நான் என்னா பண்ணேன்னு உனக்கு மறந்திருக்காது, எனக்கும் மறக்கல. தெருவுல எல்லாரும் பாக்க வெளக்கமாத்தால அடிச்சேன். கணக்கு வராத மக்கு, நீ மண்ணு சொமக்கத்தான் லாயக்குன்னேன். சிலேட்டை ஒடச்சேன். நீ அந்தத் துண்டுங்களப் பொறுக்கிக்கினு போனே. அன்னிலேருந்து நீ உன்னை மக்குன்னே நெனச்சிக்கினு, ஆயிரம் மைலு தாண்டிப் போயும் அதையே நெனச்சிக்கினு, டெஸ்டுக்குப் பேரு குடுக்க மாட்டேன்னு எழுதுற. இல்ல சாமி. உனக்குக் கணக்கு வரலங்கறது பொய்யி. உனக்கு அது வர வேண்டிய நேரத்துல பஸ்ஸு வந்துச்சி, அவ்வளவுதான்.

அதனால நம்ப நோட்டுல நேத்து ஒரு பக்கத்துல உனக்கும் ஒரு வரி எழுதினேன், கனகத்தைப் பாக்க விடல, நானே எழுதினேன். தேதி, 1960 ஆனி மாசம். நின்னது, கலியனோட கணக்கு. நின்ன நேரம், ரெண்டு மணிச் சங்கு. யாரு குத்தம்னு எழுதக் கூடாதுங்கறது உங்கப்பா சட்டம், இந்த ஒரு வரியில அதை மீறிட்டேன், பாடம் நின்னது யாரால வேணா இருக்கட்டும், அடிச்சதும் மக்குன்னு சொன்னதும் என் குத்தம்னு எழுதி, பாத்தவங்க கையெழுத்துல விருத்தாம்பாள்னு போட்டிருக்கேன். உங்கப்பா படிச்சிட்டுக் கீழ அவரும் கையெழுத்து போட்டாரு. மறுபடி ஆரம்பிச்ச நேரம்னு ஒரு கட்டம் இருக்கே, அது மட்டும் காலியா இருக்கு. அதை நான் எழுத முடியாது.

கனகத்தோட கணக்குப் புத்தகமும் அவ நோட்டும் தனியா பார்சல்ல வருது, ரிஜிஸ்டர் பண்ணியிருக்கேன், கையெழுத்து போட்டு வாங்கிக்கோ, அந்த அட்டை எனக்கு வந்து சேரணும். வகுத்தல் பன்னெண்டாம் பக்கத்துல ஆரம்பிக்குது, அண்ணனுக்குப் புரியலன்னா எழுதச் சொல்லு நான் சொல்லித்தரேன்னு தங்கச்சி சொல்லச் சொன்னா, ரொம்பத்தான் ஏறிப்போச்சி அவளுக்கு. சனிக்கெழம தலைக்கு எண்ணெ வச்சிக் குளி, நெருப்புலேருந்து வந்ததும் பச்சத்தண்ணி குடிக்காதே. டெஸ்டுக்குப் பேரு குடுக்க ஆடி ஒண்ணாந்தேதி வரைக்கும் டைம் இருக்குன்னு நீயே எழுதியிருக்கே, அதை நான் மறக்கல, நீயும் மறக்காதே. நீ நல்லா இருக்கணும், மேல மேல வரணும், உன் கைபட்டதெல்லாம் வெளங்கணும்னு உன்னைப் பெத்தவங்க ரெண்டு பேரும் ஆசீர்வாதம் பண்றோம். பேரு குடுத்ததும் அன்னிக்கே எனக்கு ஒரு கார்டு போடு, வேற ஒண்ணும் எழுத வேணாம், எத்தினி மணிக்குப் பேரு குடுத்தேன்னு மட்டும் எழுது. நோட்டைத் தொறந்தே வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
உன்னை அடிச்ச கையாலயே இதை எழுதின உன் அம்மா,
ரா. விருத்தாம்பாள்.